பாங்காங் ஏரி படமும் கோன் செட்டும்: பழைய ஹிமாலயன் 411 பைக் வாங்கப் போகிறவருக்கு

விற்பனை விளம்பரத்தில் வண்டி லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் நிற்கும் படம் இருந்தால், நான் மனதுக்குள் விலையைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். விற்பவருக்கு அந்தப் படம் பெருமை. வாங்குகிறவனுக்கு அது ஒரு தகவல். ரோட்டை மறித்து ஓடும் ஓடைகளில் இந்த வண்டி இறங்கியிருக்கிறது, முப்பது நாற்பது கிலோ சாமானைச் சுமந்துகொண்டு கல்லிலும் பள்ளத்திலும் குதித்திருக்கிறது. "சிங்கிள் ஓனர், லடாக் போன வண்டி" என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். முன்பாதி நல்ல சேதிதான். பின்பாதிக்கு கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்), ஸ்போக்ஸ், ஃபோர்க் ஆயில் சீல் என்று மூன்று செலவு காத்திருக்கலாம்.

அதற்காக லடாக் போன வண்டியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆறு மாதம் மூடி போட்டு நிறுத்தி, பேட்டரி செத்து, டயர் ஒரே பக்கம் தட்டையாகிப்போன "வெறும் 6,000 கிலோமீட்டர்" வண்டியைவிட, ஓடிக்கொண்டே இருந்த 35,000 கிலோமீட்டர் வண்டி பல நேரம் தேவலாம். கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற அட்வென்ச்சர் வகை வண்டியில் மீட்டர் காட்டும் எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை சக்கரத்திலும், ஹேண்டில் கழுத்திலும், சீட்டுக்கு அடியிலும் இருக்கிறது.

முதலில், எந்த வண்டி? ஐரோப்பாவில் மிட்-சைஸ் என்றால் 650 சிசியிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கில் வரும் சுசுகி வி-ஸ்ட்ராம் 650, கவாசாகி வெர்சிஸ் 650 இங்கேயும் விற்றவைதான். ஆனால் அவற்றின் ஒரு செட் டயர், ஒரு சர்வீஸ் என்று கணக்குப் போட்டால் பட்ஜெட் வேறு ஊருக்குப் போய்விடும். நம் ரோட்டில் நடைமுறையில் நடுத்தரம் என்றால் 300 முதல் 450 சிசி. அதில் பழைய வண்டிச் சந்தையில் தாராளமாகக் கிடைப்பவை மூன்று: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, கேடிஎம் 390 அட்வென்ச்சர், பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்.

பழைய வண்டியின் விலையைப் புது வண்டியின் வரி தீர்மானிக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பு செஸ்ஸையும் சேர்த்து 31. அதே நாளில் 350 வரையிலான வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆக இறங்கியது. ஆக, 411, 390 பழைய வண்டிக்காரர்கள் விலையில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 313 சிசி பிஎம்டபிள்யூவையோ 249 சிசி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸையோ விற்பவருக்கு அந்தக் காரணம் இல்லை. புதிதாகவே விலை இறங்கிய சிசியில் பழைய வண்டிக்குப் பழைய விலை கேட்டால், எழுந்து வந்துவிடலாம்.

இந்த மூன்றில் நான் ஹிமாலயன் 411 பக்கம் நிற்கிறவன். ஓட்டுவதற்கு அதுதான் சுகம் என்பதால் அல்ல. கேடிஎம்மில் பத்து நிமிஷம் போய்விட்டு ஹிமாலயனில் ஏறினால், மாட்டு வண்டிக்கு மாறியதுபோல்தான் இருக்கும். என் காரணம் எஞ்சினின் சோம்பேறித்தனம். எல்எஸ்410 என்ற அந்த எஞ்சினின் பெயரிலேயே லாங் ஸ்ட்ரோக் ஒளிந்திருக்கிறது: சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86. 411 சிசியிலிருந்து வெறும் 24.5 குதிரைத்திறன். லிட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 60. கேடிஎம் 373 சிசியிலிருந்து 43 எடுக்கிறது, அதாவது லிட்டருக்கு 115. பிஎம்டபிள்யூ 313 சிசியில் 34, லிட்டருக்கு 108 சொச்சம். பாதி வேலை வாங்கப்படும் எஞ்சின், ஐந்தாறு வருஷம் கழித்து இரண்டாம் ஆள் கைக்கு வரும்போது அவ்வளவாகக் களைத்திருக்காது.

ரேடியேட்டர் இல்லை, காற்றும் ஒரு சின்ன ஆயில் கூலரும்தான் குளிர வைக்கின்றன. கல் அடித்துக் கூலன்ட் ஒழுகும் கவலை கிடையாது. டாப்பெட் (வால்வு) இடைவெளி சரிசெய்வது ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள பழைய முறை. ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் யாரும் செய்துவிடுவார். மற்ற இரண்டிலும் ஷிம் என்ற சின்ன வில்லையை மாற்ற வேண்டும், அளந்து சரியான தடிமன் ஷிம் வரவழைக்க வேண்டும், நாளும் காசும் அதிகம். டூரிங் வண்டிக்கு நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான்: கோளாறு வரும், வந்தால் அது சின்னசேலத்திலோ வத்தலக்குண்டிலோ சரியாகுமா, இல்லை வண்டியை லாரியில் ஏற்ற வேண்டுமா?

குறையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வழிச்சாலையில் 100-ஐத் தாண்டினால் எஞ்சின் முனக ஆரம்பிக்கும், கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாத அளவுக்கு அதிர்வு. ஐந்து கியர்தான். முன் பிரேக்கில் கடி குறைவு. பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு ஏற்ப வந்த) வண்டி பெட்ரோலோடு 199 கிலோ, சாய்ந்தால் தனியாக நிமிர்த்துவதற்கு இடுப்பு நன்றாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே அழுத்தாக 120-இல் போக நினைப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு கேடிஎம் பார்க்கலாம்.

ஹிமாலயன் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே வண்டி இல்லை. 2016 மார்ச்சில் வந்த முதல் தொகுதி கார்புரேட்டர், பிஎஸ்3. கிளட்ச், எஞ்சின் சத்தம், காலையில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை, சேஸிஸ் விரிசல் என்று ஓனர்கள் நிறையப் புலம்பிய தொகுதி அதுதான். 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்த வருஷமே பிஎஸ்4-உம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் வந்தன, பாதிப் புலம்பல் அடங்கியது. 2018 பிற்பாதியில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது. 2020 ஜனவரியில் பிஎஸ்6: மண்ணில் ஓட்டும்போது பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் பொத்தானும் ஹசார்டு லைட்டும் சேர்ந்தன. 2021-இல் வழிகாட்டும் ட்ரிப்பர் திரை. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்ததும் 411-இன் காலம் முடிந்தது. என் கணக்கு எளிமையானது. கார்புரேட்டர் வண்டி இலவசமாகக் கிடைத்தாலொழிய வேண்டாம், ஏபிஎஸ் இல்லாதது வேண்டாம், காசு இருந்தால் 2020-க்குப் பிந்தையது. 2018-19 பிஎஸ்4 ஏபிஎஸ் வண்டி நல்ல நிலையில் சிக்கினால் அதுவே போதும். பிஎஸ்6-ஐவிட சில கிலோ எடை குறைவும்கூட.

மற்றவற்றைத் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் 2.99 லட்சத்துக்கு வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் குவிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது), ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் காப்பது), வளைவிலும் வேலை செய்யும் ஏபிஎஸ் எல்லாம் உண்டு. சீட் உயரம் 855 மில்லிமீட்டர், ஹிமாலயனுக்கு 800. ஐந்தடி ஐந்து அங்குல ஆளுக்கு அந்த ஐந்தரை சென்டிமீட்டர்தான் சிக்னலில் கால் ஊன்றுவதற்கும் சாய்வதற்கும் உள்ள தூரம். வாங்கினால் ரேடியேட்டர் துடுப்புகள் மடங்கியிருக்கின்றனவா, ட்ராஃபிக்கில் ஃபேன் ஓடுகிறதா, அலாய் சக்கரத்தின் விளிம்பில் நெளிவு உண்டா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் நம் ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த வண்டி, அபாச்சி ஆர்ஆர் 310-உம் அதே எஞ்சின் குடும்பம். 2018-இல் 3.49 லட்சம், 2020-இல் பிஎஸ்6 வந்தபோது புதுசே 2.85 லட்சம். முதலில் வாங்கியவர்கள் வயிறெரிந்த கதை அது. இரண்டாம் கை வாங்குகிறவனுக்கு அதுவே பேரம் பேச வசதி. டேங்க் 11 லிட்டர்தான், ஹிமாலயனுக்கு 15.

இனி வண்டியின் முன்னால் போய் நிற்போம். முன்னாடியே போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம் சார்." போனதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கில் ஏதோ சங்கதி இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் பட்டனைத் தொட்டதும் பிடித்து, கொஞ்ச நேரத்தில் சத்தம் சீராகி அடங்க வேண்டும். டாப்பெட் லேசாக டக்டக் என்றால் பயப்பட வேண்டாம், அது இந்த எஞ்சினின் சுபாவம். அடியில் கிளட்ச் பக்கம் கனமாக இடிக்கிற சத்தம் வேறு.

ஹிமாலயனில் நான் முதலில் தேடுவது கோன் செட். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் உள்ள பேரிங் அது. பெரிய 21 அங்குல முன் சக்கரம், 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் பயணம், கனமான வண்டி, அதன் மேல் சாமான். பள்ளத்தில் விழுகிற ஒவ்வொரு அடியும் கடைசியில் அந்தக் குண்டுமணிகள் மேல் போய் இறங்குகிறது. நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் நடுவில் மட்டும் குழி விழுகிறது. கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியிலேயே சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது, போடுங்கள். கூட வந்தவரைப் பின்னால் அழுத்தச் சொல்லுங்கள், முன் சக்கரம் தரையை விட்டு எழும். ஒரே ஒரு விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளுங்கள். நல்ல கோன் செட் என்றால் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போகும். போனது என்றால், நேராக வரும் இடத்தில் "டக்" என்று ஒரு பள்ளத்தில் உட்காரும், அங்கிருந்து நகர்த்த இன்னொரு விரலும் தேவைப்படும். அடுத்து, சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு ஃபோர்க் காலையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேலே கழுத்தில் தட்டுகிறதா?

கோன் செட் போனதற்காக வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. பல ஓனர்கள் டேப்பர் ரோலர் பேரிங் போட்டு அந்தத் தலைவலியையே முடித்திருப்பார்கள். "கோன் செட் எப்ப மாத்துனீங்க?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "அப்படீன்னா?" என்று திருப்பிக் கேட்கும் ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போதே சக்கரங்களைச் சுற்றிவிட்டு ரிம் நெளிகிறதா பாருங்கள், ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மொட்டையாகத் தட்டும். பின் சக்கரத்தை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் பின் ஷாக்கை இணைக்கும் மோனோஷாக் லிங்க்கேஜின் ஆட்டம் கையில் தெரியும். எஞ்சினின் அடியைக் காக்கும் பாஷ் பிளேட்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். கீறல் இருந்தால் கவலையில்லை, அதற்காகத்தான் அந்தத் தகடு. நான் அங்கே தேடுவது ஆயில் வடிக்கும் ட்ரெயின் நட்டை. மரை போய் லேத்தில் கொடுத்துச் சரிசெய்ததா, இல்லை டேப் சுற்றி ஒப்பேற்றியதா?

சென்னை, கடலூர், தூத்துக்குடிப் பக்கத்து வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: தண்ணீரில் மூழ்கியதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதே மாதம் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையும் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தன. அடுத்த வருஷம் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு 2021 மாடல் பார்க்கப் போனேன். 14,000 கிலோமீட்டர், பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. விலையும் நியாயம். சீட்டைத் தூக்கினேன், சுத்தம். ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்தால் இரண்டு பின்னில் பச்சை பூத்திருந்தது. சரி, மழையில் நின்றிருக்கலாம் என்று விட்டேன். பிறகு குனிந்து எஞ்சின் ஓரத்து ஆலன் போல்ட்டுகளைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. சாவி நுழையும் அந்த ஆறுமூலைக் குழிகளுக்குள் காய்ந்த சாம்பல் நிற வண்டல். ஒன்றில் இல்லை, வரிசையாக எல்லாவற்றிலும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். சுவரில் பென்சிலால் போட்டதுபோல ஒரு கோடு, தண்ணீர் நின்ற மட்டம். "வாட்டர் வாஷ் பண்ணும்போது போயிருக்கும் சார்," என்றார் அவர். வாட்டர் வாஷ் தண்ணீர் மட்டக்கோடு போடாது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் பசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அங்கே அது இல்லை, ஆயிலை எப்போதோ மாற்றிவிட்டார்கள். ஆயில் மாற்றுகிறவன் போல்ட் குழியைச் சுரண்டுவதில்லை.

மூழ்கிய வண்டியில் எஞ்சின் பிழைத்துவிடும். வயரிங் கனெக்டர்களும் சென்சார்களும்தான் மெல்ல அரித்து, ஒரு வருஷம் கழித்து ஏதோ ஒரு மலைப்பாதையில் பழிவாங்கும். கடலோர உப்புக்காற்றும் இதே ஜாதிதான். 2020-இல் ஐரோப்பாவிலும் தென் கொரியாவிலும் விற்ற ஹிமாலயன் உள்ளிட்ட வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்தது, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பிரேக் காலிப்பரை அரித்ததால். நம்மூரில் பனி இல்லை, ஆனால் ஈசிஆர் ஓரத்து வீட்டு வாசலில் உப்பு இருக்கிறது. காலிப்பர் பிஸ்டனைப் பாருங்கள், பிரேக்கை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்றும்.

விற்பவர் பெருமையாகச் சொல்லும் இன்னொன்று: "அறுபதாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் போட்டிருக்கேன்." பெட்டிகளுக்கும் ஃபாக் லைட்டுக்கும் நான் காசு தருவதில்லை. ஃபாக் லைட் வயர் எங்கிருந்து கிளம்புகிறது என்று மட்டும் பின்தொடர்வேன். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு வந்தால் சரி. ஒரிஜினல் வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதைவிட நம்பக்கூடாத விஷயம் வேறில்லை. பெட்டி தாங்கும் கம்பிகள் சேஸிஸில் பூட்டும் இடத்தில் புது வெல்டிங், பொருந்தாத பெயிண்ட் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மீட்டர் பொய் சொல்கிறதா என்று அறிய டயரைக் கேளுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. 2019 வண்டி, 9,000 கிலோமீட்டர், ஆனால் டயர் 2022 என்றால் கணக்கு உதைக்கிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் சுறா பல் மாதிரி சாய்ந்திருந்தாலும் அப்படியே. பதிவெண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் வரலாறு எடுக்க முடியும். ஓனரையே கூட அழைத்துப் போங்கள், "எதுக்கு சார் அதெல்லாம்" என்று இழுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

காகிதத்துக்கு வருவோம். அரசின் வாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு ஓனர் பெயர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் பாருங்கள், இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும். லோன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடனை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுப்பணம். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. பெங்களூர் வண்டி மலிவாக வந்தால் என்ஓசிக்கு ஃபார்ம் 28 மட்டுமல்ல, இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக் கூடாது என்பது சட்டம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

பெயர் மாற்றத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அவருக்கே அது ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி நாலு கை மாறியிருந்த வழக்கு அது.

வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர், இரண்டு ட்யூப். ஹிமாலயனில் ட்யூப் டயர்தான், பின் சக்கரம் பஞ்சரானால் கழற்றத் தெரிந்த கடை கிடைக்கும் வரை தள்ள வேண்டும். ஆகவே வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றிப் பழகுங்கள். 2023-க்கு முந்திய வண்டி என்றால் இப்போது பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் என்பதால் ஃப்யூயல் ஹோஸ் விறைத்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

முதல் பயணத்தை லடாக் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஏலகிரிக்கு ஏறி இறங்குங்கள், பதினாலு கொண்டை ஊசி வளைவு போதும். வீடு திரும்பியதும் எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் சொட்டு விழுந்திருந்தால் வண்டியை நகர்த்தாமல் அதற்கு நேர் மேலே டார்ச் அடியுங்கள், ஒழுகும் இடத்தை அங்கிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.